வியாபாரப் பாடம்: நாலாயிரம் பவுன் முதலும் பச்சைச் சாயக் கடையும்



நம் வீட்டுப் பெண்மக்கள் இப்போது பலவிதமான சரக்குகளைத் தாங்களே செய்து விற்கிறார்கள். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம், பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் துணிப்பை, கல்யாண விருந்துக்குப் பாக்கு மட்டைத் தட்டு, கண்ணாடிப் புட்டியில் அடைத்த மசாலா விழுது என்று வகைகள் பெருகிக் கொண்டே வருகின்றன. மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு செய்யாத சரக்கு என்று சொல்லித்தான் இவற்றை விற்கிறார்கள். என் கடைக்கும் இப்படிப்பட்ட சரக்கை எடுத்துக்கொண்டு வந்து, "நானா, ஒரு தட்டில் வைத்துப் பாருங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் கடைக்கும் வந்திருப்பார்கள்.

இவர்களில் பலர் ஒரு நோன்புப் பெருநாளுக்கு வருகிறார்கள். அடுத்த பெருநாளுக்குக் காணோம். சிலரோ நிலைத்து நிற்கிறார்கள். தனியாகக் கடை எடுத்து, கூலிக்கு ஆளும் வைத்துக்கொள்கிறார்கள். சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரு சாராருடையதும் ஏறக்குறைய ஒரே தரம்தான். அப்படியிருக்க, ஒருத்தி நிற்பதற்கும் ஒருத்தி விழுவதற்கும் யாது காரணம்?

சரக்கு நல்லது என்பதால் மட்டும் கடை நிற்பதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் பெண்கள் விஷயத்தில் மட்டும் இதை மறந்து விடுகிறோம். "நல்ல முயற்சி, பாராட்டுகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பாராட்டைக் கல்லாவில் போட முடியுமா? ஆகவே இந்தப் பாடத்தில் ஒரு பெண்மணியின் கடையை எடுத்துக்கொண்டு, முதல் எங்கிருந்து வந்தது, சரக்கு எங்கிருந்து வந்தது, லாபம் யார் கைக்குப் போயிற்று என்று கணக்குப் பார்ப்போம்.

அந்தக் கடை நீங்கள் அறியாததல்ல. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பேரங்காடிக்குள் நுழைந்தால் 'பாடி ஷாப்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். சவர்க்காரம், முகப்பூச்சு, கூந்தல் தைலம் விற்கும் கடை. அதைத் தொடங்கியவர் அனிதா ராடிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. இங்கிலாந்தின் தென்கரையில் லிட்டில்ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில் 1942-இல் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். தாயார் அவ்வூரில் ஒரு காப்பிக் கடை நடத்தினார். யுத்த காலத்தில் வளர்ந்த குடும்பம் அது. ஒரு புட்டி காலியானால் கழுவி மறுபடியும் நிரப்புவது, கிழிந்த துணியை வேறொன்றாகத் தைப்பது, எதையும் எறியாமல் வைத்திருப்பது அந்த வீட்டின் நடைமுறை. சுற்றுச்சூழல் என்ற பேச்சு அன்று அங்கே கிடையாது. சிக்கனம்தான் இருந்தது. இந்த ஒரு குறிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அனிதா ஆசிரியை வேலைக்குப் படித்தார். பல தேசங்களைச் சுற்றினார். டஹிட்டித் தீவில் பெண்கள் கொக்கோ வெண்ணெயை மேனியில் தடவிக்கொள்வதைக் கண்டார். அவர்களுடைய சருமம் மென்மையாயிருந்ததைக் கண்டு, சாமானியமான இப்பொருளை நம் ஊரில் ஏன் சிறிய அளவில் விற்கக்கூடாது என்று எண்ணினார். மளிகைக் கடையில் அரை ராத்தல் சீனி கேட்டால் நிறுத்துக் கொடுக்கிறார்கள். முகப்பூச்சு மட்டும் ஏன் பெரிய புட்டியில் பெரிய விலைக்கு வாங்க வேண்டும் என்பது அவர் கேட்ட கேள்வி. பெண் ஒருத்தி தன் கைப்பையிலிருந்து காசை எண்ணிக் கொடுக்கும்போதுதான் இந்தக் கேள்வி தோன்றும். ஆண் முதலாளிகள் நடத்திய பெரிய கம்பெனிகளுக்கு அது தோன்றவில்லை.

1976-இல் கணவர் கோர்டன், தென்னமெரிக்காவின் போனஸ் அயர்ஸ் நகரிலிருந்து நியூயார்க் வரை குதிரையில் பயணம் செய்யப் போகிறேன் என்று சொன்னார். (இப்படியும் ஒரு ஆசை!) இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு பிழைக்க ஒரு கடை வேண்டும். முதலுக்கு 4,000 ஸ்டெர்லிங் பவுன் தேவைப்பட்டது. அவர்களுக்கு ஒரு சிறு ஹோட்டல் சொந்தமாக இருந்தது. ஈடு காட்டச் சொத்து உண்டு. அனிதா சாதாரண உடையில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். தம் யோசனையை ஆர்வத்தோடு விவரித்தார். மானேஜர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

கோர்டன் சொன்ன வழி வேறு. கணக்கரைக் கொண்டு அழகாக ஒரு திட்டம் எழுதச் செய்தார். குழந்தைகளை வீட்டில் விட்டு, மனைவியைக் கோட்டுடுத்தி அழைத்துப் போனார். அதே மானேஜர், அதே ஹோட்டல் ஈடு, அதே யோசனை. கடன் கிடைத்தது!

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இரண்டு தடவைக்கும் இடையில் வியாபாரத்தில் எதுவும் மாறவில்லை. பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்தார், கையில் காகிதக் கணக்கு இருந்தது, அவ்வளவே. பேங்க் மானேஜரைக் குறை சொல்வதற்கு முன்னால் நம் கல்லாவுக்கு எதிரே வந்து நிற்கும் பெண்ணிடம் நாம் என்ன கேட்கிறோம் என்று யோசிக்கலாம். "வீட்டில் யாரும் வரவில்லையா?" என்பதுதானே முதல் கேள்வி?

1976 மார்ச் மாதம் பிரைட்டன் நகரில் கடை திறந்தது. சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்த இடம். கறையை மறைக்க நல்ல அடர்த்தியான சாயம் வேண்டும் என்று கரும்பச்சை அடித்தார். பிற்காலத்தில் உலகம் முழுவதும் அந்தப் பச்சையைக் கண்டு "இயற்கையின் நிறம்" என்றார்கள். உண்மையில் அது ஈரச்சுவரின் நிறம்.

புட்டிக் கதையும் அப்படியே. மலிவாகக் கிடைத்தது ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வைக்கும் பிளாஸ்டிக் புட்டி. அதையும் வேண்டிய அளவு வாங்கப் பணமில்லை. ஆகவே காலிப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் மறுபடி நிரப்பித் தருகிறேன் என்றார். சரக்கு வகைகள் குறைவு. தட்டு காலியாகத் தெரியும். எனவே ஒவ்வொரு சரக்கையும் ஐந்து அளவுப் புட்டிகளில் ஊற்றி வைத்தார். தட்டும் நிறைந்தது, குறைந்த காசு வைத்திருப்பவரும் வாங்க முடிந்தது. வாசனைத் தைலத்தைத் தனியே வைத்து, வேண்டியவர்கள் வேண்டிய மணத்தைக் கலந்துகொள்ள விட்டார். சீட்டுகளைக் கையாலேயே எழுதினார். வாரம் 300 பவுன் விற்றால்தான் பிழைக்கலாம் என்பது கோர்டன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன கணக்கு.

அண்டையில் பிரேத அடக்கம் செய்து கொடுக்கும் கடைகள் இருந்தன. 'பாடி ஷாப்' என்ற பெயர் எங்கள் தொழிலுக்குக் கேலி என்று வக்கீல் நோட்டீசு அனுப்பினார்கள். அம்மையார் பயப்படவில்லை, உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தியை எட்டவிட்டார். ஒரு பெண்ணின் சிறு கடையைப் பெரியவர்கள் மிரட்டுகிறார்கள் என்று பத்திரிகை எழுதிற்று. காசில்லாமல் விளம்பரம் கிடைத்தது. கடைத்தெரு சாமர்த்தியம் என்பது இதுதான்!

இப்போது முதலில் சொன்ன குறிப்புக்கு வருவோம். புட்டியை மறுபடி நிரப்புவது இயற்கையைக் காக்கும் செயல் என்று இன்று பாராட்டுகிறோம். அங்கே அது பிறந்தது பணமுடையிலிருந்து. வாடிக்கையாளருக்கும் அது லாபம், கடைக்காரருக்கும் லாபம். இயற்கையைக் காக்கும் சரக்கு என்பதற்காக வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்ற நிலைமை வரவில்லை. நம் பெண்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. சாதாரணச் சவர்க்காரம் 3 வெள்ளிக்குக் கிடைக்கும்போது, பூமிக்கு நல்லது என்று சொல்லி 15 வெள்ளிக்கு வைத்தால், ஒரு தடவை ஆசைக்கு வாங்குவார்கள். மறு தடவை? நம் பாட்டனார் காலத்து மளிகைக் கடையில் வீட்டுப் புட்டியைக் கொண்டுவந்து எண்ணெய் வாங்கினார்கள். பருப்பைப் பழைய காகிதத்தில் பொட்டலம் கட்டினோம். அது யாருக்கும் செலவு வைக்கவில்லை. புதுச் சரக்கும் அந்த வழியில் விலையைக் குறைக்கப் பார்க்க வேண்டும்; பெட்டியிலும் ரிப்பனிலும் காசைப் போடக்கூடாது.

கடை ஓடிற்று. அதே ஆண்டில் சிச்செஸ்டர் என்னும் ஊரில் இரண்டாவது கடை திறக்க அனிதா விரும்பினார். மறுபடியும் 4,000 பவுன் வேண்டும். பேங்க், இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்றது. அப்போது பழக்கமான மோட்டார் பட்டறைக்காரர் ஒருவர், இயன் மெக்ளின் என்பவர், பணம் தருகிறேன் என்றார். பதிலுக்கு வியாபாரத்தில் சரிபாதி. அனிதா தூரதேசத்திலிருந்த கணவருக்குக் கடிதம் எழுதினார். பாதியைக் கொடுக்காதே என்று கோர்டன் பதில் எழுதினார். அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

பிற்பாடு என்ன ஆயிற்று? 1984-இல் கம்பெனிப் பங்குகள் லண்டன் சந்தைக்கு வந்தன. 95 பென்ஸுக்குத் தொடங்கிய பங்கு அன்று மாலையே 165 பென்ஸுக்குப் போயிற்று. 2006-இல் பிரான்சு தேசத்து லோரியால் கம்பெனி முழு வியாபாரத்தையும் 65 கோடியே 20 லட்சம் பவுனுக்கு வாங்கிற்று. ராடிக் தம்பதியருக்கு ஏறக்குறைய 13 கோடி பவுன் கிடைத்தது. பட்டறைக்காரர் மெக்ளினுக்கு அதைவிட அதிகம்! நித்தமும் கடையில் நின்றவரைவிட, ஒரு நாள் 4,000 பவுன் எடுத்துக் கொடுத்தவருக்குப் பெரிய பங்கு போய்ச் சேர்ந்தது.

இதில் மெக்ளின் மீது குற்றமில்லை. யாரும் நம்பாத நேரத்தில் நம்பிப் பணம் கொடுத்தவர். நஷ்டம் வந்திருந்தால் அவருக்கும்தான் நஷ்டம். வட்டியும் வாங்கவில்லை. நம் மார்க்க முறைப்படி பார்த்தாலும் கூட்டு முதல் என்பது நல்ல வழியே. கதீஜா நாயகியார் தம் முதலைப் பிறர் கையில் கொடுத்து லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டு வணிகம் நடத்தியவர்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் அங்கே முதலுக்குச் சொந்தக்காரர் பெண்மணி. பிரைட்டனில் உழைப்பு பெண்ணுடையது, முதல் பிறருடையது. அவசரத்தில் கேட்பவருக்குப் பேரம் பேச நாவெழாது. பெண்ணுக்குப் பேங்கும் உறவும் கதவடைக்கும்போது, கிடைத்த ஒரே கதவில் கேட்ட விலையைக் கொடுக்கிறாள்.

கோர்டன் திரும்பி வந்தபின் கணக்கு வழக்கை அவர் எடுத்துக்கொண்டார். சரக்கும் கடையும் அனிதா வசம். மனைவியின் கடையில் கணவர் முதலாளியாகிவிடுவது நாம் கண்ட காட்சி. இங்கே அப்படி ஆகவில்லை. யாருக்கு எது தெரியுமோ அதை அவர் செய்தார். புதுக் கடைகள் திறக்கப் பேங்குக்குப் போகாமல், பெயரையும் சரக்கையும் நாம் தருவோம், கடைச் செலவைத் திறப்பவர் போடட்டும் என்ற யோசனை கோர்டனுடையது. 1978-இல் பெல்ஜியத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரில் வெளிநாட்டு முதல் கடை இவ்விதம் வந்தது. ஆரம்ப காலத்தில் இப்படி உரிமை வாங்கியவர்களில் மிகுதியானோர் பெண்கள். ஒரு பெண் கடை வைத்து நின்று காட்டினால் மற்றப் பெண்களுக்கு அது வழியாகிறது.

அம்மையாரைப் புகழ்ந்தே எழுதிக்கொண்டு போவது நியாயமல்ல. அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 1970 முதலே இரண்டு பெண்கள் இதே பெயரில், இதே மாதிரி, புட்டி நிரப்பித் தரும் கடை நடத்தி வந்தார்கள். ராடிக் தம்பதியர் அதைப் பார்த்தவர்கள். தாங்கள் அமெரிக்காவில் கடை திறக்க வேண்டியபோது, 1987-இல், அந்தப் பெயருரிமைக்கு 35 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1994-இல் ஜான் என்டைன் என்ற பத்திரிகையாளர், இவர்கள் சொல்கிற அளவு சரக்கு இயற்கையானதல்ல என்று விரிவாக எழுதினார்; பெரிய விவாதம் நடந்தது. இயற்கை, தூய்மை என்று பலகையில் எழுதுபவர் மற்ற வியாபாரியைவிட ஒரு படி அதிகமாக நாணயம் காக்க வேண்டும். அந்தப் பெயரை நம்பித்தான் காசு வருகிறது.

நம் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். மலேசியாவில் உடம்பில் தேய்க்கும் சவர்க்காரம், பூச்சு முதலியவற்றைச் சந்தைக்கு விடுமுன் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அறிவிப்புப் பதிவு செய்யவேண்டும். சிங்கப்பூரிலும் அத்தகைய விதி உண்டு. இதைத் தெரியாமல் ஆயிரம் கட்டி செய்து வைத்துக்கொண்டு அலைபவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெண் உங்களிடம் சரக்குக் கொண்டுவரும்போது, பதிவு ஆயிற்றா என்று கேட்டு, இல்லையென்றால் எங்கே போவது என்று சொல்லி அனுப்புவது ஒரு மாத வாடகை கொடுப்பதற்குச் சமம்.

அனிதா அம்மையார் 2007-இல் இறந்துபோனார். லோரியாலிடமிருந்து 2017-இல் பிரேசில் தேசத்து நட்டூரா கம்பெனி வாங்கிற்று. 2023-இல் அது அவ்ரேலியஸ் என்ற முதலீட்டுக் கம்பெனிக்குக் கைமாறியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டனிலுள்ள கம்பெனி கடன் நிர்வாகத்தின் கீழ் போய், பல கடைகள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் வேறு புது முதலாளிகள் வாங்கினார்கள். இதே மாதிரி இயற்கைச் சரக்கு என்று விற்கும் கடைகள் இன்று தெருவுக்கு ஒன்று. முன்னே தனித்து நின்ற சரக்கு பத்தோடு பதினொன்றாகிவிட்டது. முதலாளி மாறிக்கொண்டே இருந்தால் கடையின் நாணயத்தை யார் காப்பது?

சரக்கு வரும் வழியையும் பார்க்க வேண்டும். இந்தக் கம்பெனி 1987-இல் ஏழை நாட்டு உற்பத்தியாளரிடம் நேரே வாங்கும் முறையைத் தொடங்கிற்று. ஆப்பிரிக்காவில் கானா தேசத்து வடபகுதியில், தமாலே நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஷியா என்னும் மரத்துக் கொட்டையை உடைத்து, வறுத்து, அரைத்து, கையாலேயே பிசைந்து வெண்ணெய் எடுப்பது பெண்களின் வேலை. துங்தெய்யா என்ற பெயருள்ள பெண்கள் சங்கம் 1990-களிலிருந்து இந்த வெண்ணெயை நேரே விற்று வந்தது. தனித்தனியாகச் சந்தையில் உட்கார்ந்தால் தரகன் சொன்னதே விலை. சங்கமாகச் சேர்ந்தபோது விலை பேச முடிந்தது. நம் தமிழ்நாட்டோடும் இதற்குச் சம்பந்தம் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் அமாண்டா மர்பி என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கிய டெடி எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஸ்தாபனம், பாதம் உருட்டும் மரச்சாமான்களும் துணிப்பைகளும் செய்து இக்கடைகளுக்கு அனுப்பிற்று. அதன் வருமானத்தில் பள்ளிக்கூடமும் வைத்திய உதவியும் நடந்தன. நிலையாக வாங்குபவர் ஒருவர் இருந்தால் ஒரு சிற்றூரே வேலை பெறுகிறது என்பதற்கு இது சாட்சி.

"அது வெள்ளைக்காரர் கதை, ஹோட்டல் ஈடு வைக்க முடிந்தவர் கதை" என்று சொல்லலாம். நியாயமான பேச்சுத்தான். ஈடு வைக்க ஒன்றுமில்லாத பெண்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன முஸ்லிம் நாட்டைப் பார்ப்போம். ஞாவ் என்ற கிராமத்தில் வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பைகள் குவிந்து கிடந்தன. மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு பெருகிற்று. ஆடுகள் தின்று செத்தன. அவ்வூர்ப் பெண் ஈசாத்து சீசே என்பவர் 1997-இல் இன்னும் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பைகளைக் கழுவி, நாடா நாடாக வெட்டி, கொக்கி ஊசியால் பின்னிச் சின்னச் சின்னப் பணப்பைகள் செய்தார். குப்பை பொறுக்குகிறார்கள் என்று ஊரார் சிரித்தார்கள். அவர்கள் இராக்காலத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பின்னினார்கள். முதல் பணப்பை நகரத்தில் விலை போன பிறகு சிரிப்பு அடங்கிற்று.

இங்கே மூலச்சரக்குக்குக் காசில்லை. முதல் என்பது கொக்கி ஊசியும் நேரமும்தான். அதனால் பாதிக் கடையை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஐந்து பேராகச் சேர்ந்ததால் ஒருத்தி நோய்ப்பட்டாலும் வேலை நிற்கவில்லை. கிண்டலையும் ஐந்து பேராகத் தாங்கினார்கள். இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஒரு பெண் கடை வைத்தால் நஷ்டத்துக்கு அடுத்தபடி அவளை விழத்தட்டுவது நாலு பேர் பேச்சு.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே காலம் பெண்களின் சரக்குக்குச் சாதகமாக மாறிவருகிறது. பினாங்கில் 2011 முதல் கடைகளில் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது. சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. பைக்குக் காசு என்றவுடன் துணிப்பை தைக்கும் பெண்ணுக்கு ஒரு கணக்குப் பிறக்கிறது. உறுதியான ஒரு பையை 4 வெள்ளிக்கு விற்று, 20 காசுப் பையை 20 தடவை மிச்சப்படுத்தலாம் என்று வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டால், அங்கே உபதேசம் தேவையில்லை.

சிறு முதலுக்கும் வழி இல்லாமலில்லை. 1987-இல் தொடங்கப்பட்ட அமானா இக்தியார் மலேசியா, வங்காளத்துக் கிராமீன் முறையைப் பின்பற்றி, ஏழைப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஈடு இல்லாமல் சிறு கடன் கொடுத்து வருகிறது. கடை எந்தப் பெயரில் பதிவாகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெண் உழைக்கும் கடையைத் தம்பி பெயரிலோ மாப்பிள்ளை பெயரிலோ பதிந்துவைத்தால், பேங்க் கணக்கு அவர் கையில். நாளைக்குக் கடன் கேட்கப்போனாலும் அவளுடைய வியாபார வரலாறு என்று காட்ட ஒரு காகிதம் இராது. அவள் பெயரில் பதிவு, அவள் பெயரில் பேங்க் புத்தகம், அவள் கையெழுத்தில் பேரேடு. இம்மூன்றும் இல்லாத கடையை நான் பெண்ணின் கடை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நாம் சரக்கு எடுக்கும் முறையிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. விற்றபின் பணம் என்று வாங்கி வைத்துக்கொண்டு, விற்றபின்னும் மூன்று மாதம் இழுப்பது. பெரிய கம்பெனி ஏஜெண்டுக்கு முப்பது நாளில் செக் கிழிக்கிறோம்; கொடுக்காவிட்டால் சரக்கு நிறுத்திவிடுவான் என்ற பயம். வீட்டிலிருந்து சரக்குக் கொண்டுவரும் அம்மாவுக்கு அந்தப் பயம் காட்ட வழியில்லை. 300 வெள்ளி மூன்று மாதம் முடங்கினால் நமக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அடுத்த பீப்பாய் எண்ணெய் அதுதான். ஒரு கடையில் முடங்கினால் தாங்குவாள். ஐந்து கடையில் முடங்கினால் அடுத்த பெருநாளுக்கு எப்படி வருவாள்?

கடைசியாக, பட்டறைக்காரர் ஒப்பந்தத்தை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரிக்கு எண்ணெய், அச்சு, புட்டி, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 8,000 வெள்ளி வேண்டும். செலவு போக மாதம் 1,000 வெள்ளி லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 8,000 கொடுத்து நிரந்தரமாகப் பாதி எடுத்துக்கொள்கிறார். மாதம் 500, பதினாறு மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிட்டது. நான்கு ஆண்டில் 24,000 வெள்ளி வாங்கியிருப்பார். பாதிக் கடையும் அவருடையது. அவளுக்கும் 24,000, மீதிப் பாதிக் கடை.

இன்னொருவர் அதே 8,000 கொடுக்கிறார். லாபத்தில் நூற்றுக்கு 40 தமக்கு, 60 அவளுக்கு. நஷ்டம் வந்தால் முதல் போட்டவர் தாங்குவது என்று எழுத்து. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து, தம் பங்கில் கால்பாகத்தை அன்றைய மதிப்புக்கு அவளுக்கே விற்றுவிடுவது என்றும் எழுத்து. (இப்படி எழுதுமுன் ஓர் ஆலிமிடம் ஷரத்துகளைக் காட்டிக்கொள்வது நல்லது.) மதிப்பு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் மாதம் 400 வீதம் 4,800, இரண்டாம் ஆண்டில் 300 வீதம் 3,600, மூன்றாம் ஆண்டில் 2,400, நான்காம் ஆண்டில் 1,200. ஆக லாபப் பங்கு 12,000. கால்பாகத்துக்கு 2,000 வீதம் முதல் 8,000-மும் திரும்பிவிட்டது. அவர் கையில் 20,000 வெள்ளி. அவள் கையில் 28,000 வெள்ளியும் முழுக் கடையும்.

முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் வித்தியாசம் 4,000 வெள்ளியும் பாதிக் கடையும். முதல் ஆளே புத்திசாலி என்று சிலர் சொல்வீர்கள். மெக்ளின் மாதிரி அதிருஷ்டம் அமைந்தால் உண்மைதான். என் அபிப்பிராயம் வேறு. மூன்றாம் ஆண்டில், யாருக்காக உழைக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும். அந்தக் கடையைச் சோரவிட்டு அக்காள் பெயரில் வேறு கடை திறப்பாள். பாதிக் கடை என்று காகிதத்தில் இருக்கும். உள்ளே சரக்கு இராது. இரண்டாம் ஆளுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதலாம் ஆண்டு முடிவில் திரும்பி வந்த 2,000 வெள்ளியை அவர் இன்னொரு சகோதரியின் தையல் இயந்திரத்துக்குப் போட்டிருந்தால், அந்த வரவு மேலே எழுதிய 20,000-த்தில் சேரவில்லை. அதற்குப் பேரேட்டில் தனிப் பக்கம் திறக்க வேண்டும்.